முருகேஸ்வரியின் நெரை

முருகேஸ்வரிக்கு மற்ற பாடமெல்லாம் போன வருடமே பாஸாகிவிட்டது. இங்கிலீஷ் மட்டும் காலை வாரிவிட்டது. நாற்பத்தைந்து வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறவள் ஒரு பாடத்தில் தோற்பது பெரிய விஷயமா என்று வீட்டில் புருஷன் கருத்தப்பாண்டி கேட்டான். அவன் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடுகிறவன். எதையும் லேசாக எடுத்துக்கொள்வான். அவளுக்கு அது பெரிய விஷயம்தான்.

எஸ்டேட்டில் வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கிரெச் இருக்கிறது. இருபது வருடமாக அங்கே சிசிலி அக்காதான். வருகிற மார்ச்சோடு அவளுக்கு ஓய்வு. “பத்தாம் கிளாஸ் சர்டிபிகேட் இருந்தா அடுத்து நீதான். இல்லாட்டி வெளியில ஆள் எடுக்கணும். இப்ப ரூல் அப்படி” என்று மேனேஜர் சொல்லியிருந்தார். முருகேஸ்வரியின் வலது முழங்கால் போய்க்கொண்டிருப்பது அவருக்கும் தெரியும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். காய் மட்டும் தரையில் கிடக்கும். தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு மண்ணாக ஓடுகிற சரத்தில்தான் காய் பிடிக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, இலையை விலக்கி, பழுத்த காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு தூர் முடிந்ததும் எழுந்து அடுத்த தூருக்குப் போய் மறுபடி குத்தவைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை உட்கார்ந்து எழுகிறோம் என்று முழங்கால் நன்றாக இருக்கிறவரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆளுக்கு ஒரு வரிசைச் செடி, அதுதான் நெரை. காலையில் மேட்டில் வரிசையாக நின்று ஆரம்பிப்பார்கள். கீழே ஓடைக்கரைக்குப் போய்ச் சேரும்போது எல்லாரும் ஒன்றாகச் சேர வேண்டும். முந்திப்போய் ஒருத்தி அங்கே நின்றுகொண்டிருப்பது கேவலம். ஒருத்தி பின்தங்கினால் பக்கத்து நெரைக்காரி தன் தூரை முடித்துவிட்டு அவள் நெரையில் ஒரு தூரை எடுத்துப் பையில் போட்டுவிடுவாள். கை கொடுப்பது என்று அதற்குப் பெயர். கேட்டு வாங்குவதுமில்லை, சொல்லிக் கொடுப்பதுமில்லை. பெரியவர்கள் பிழைக்க மலையேறி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

முருகேஸ்வரியின் அம்மாவுக்கும் இதே வலது முழங்கால்தான். இரண்டு வருடம் அவள் நெரைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கை வந்தது. யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அவர்கள் சொல்லாமல் இருந்ததைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் நெரையில் நிறுத்தினாள். “இனிமே நம்ம நெரையில எவ கையும் வர வேணாம்” என்றாள். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. அதற்காக முருகேஸ்வரி அழுததாக ஞாபகமில்லை. அவள் கை வேகமான கை. முப்பது வருடம் எல்லார் நெரைக்கும் கை கொடுத்திருக்கிறாள். போன மழைக்காலத்திலிருந்துதான் அவளுடைய நெரைக்குக் கை வர ஆரம்பித்தது.

இடது பக்கத்து நெரை ராமலட்சுமியுடையது. வயதில் நான்கு குறைந்தவள், வாயில் நாற்பது கூடினவள். கை கொடுக்கும்போது அவள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். முருகேஸ்வரியும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையின் மாடியில் வகுப்பு. மொத்தம் பத்துப் பேர். ஒன்பது பேர் ஒரே தோட்டத்து நெரைக்காரிகள். பத்தாவது ஆள் ஜீப் ஓட்டுகிற பூபதிராஜா. மடித்துக் கட்டிய வேட்டியைப் படியேறும்போது இறக்கிவிட்டுக்கொண்டு வருவான். பெண்கள் உட்காருவதும் தோட்டத்தில் நிற்கிற வரிசையில்தான். அப்படி உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. டீச்சர் ஜிஸ்மி பீர்மேட்டிலிருந்து காலைப் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வருவாள். தேயிலைத் தொழிலாளி வீட்டுப் பெண். இருபத்தாறு வயது, முருகேஸ்வரியின் மூத்த மகளைவிட ஒரு வயது சின்னவள். இவர்கள் அவளை டீச்சர் என்பார்கள். அவள் இவர்களை அக்கா என்பாள்.

“இன்னிக்கு ஃபர்ஸ்ட்லேர்ந்து ஒரு தடவை பார்த்துடுவோம்” என்று ஜிஸ்மி போர்டில் எழுதினாள். ராமு கிக்ஸ் தி பால்.

முத்துப்பேச்சி கையைத் தூக்கினாள். வகுப்பில் எல்லாவற்றையும் முதலில் முடிப்பவள் அவள். “டீச்சர், யாரு அந்த ராமு? ஜூன் மாசத்துலேர்ந்து பந்தை ஒதைச்சுக்கிட்டே இருக்கான். அவனுக்கு வேற சோலியே இல்லையா?”

“சோலி இருந்தா அவன் ஏன் புஸ்தகத்துக்குள்ள வந்து கெடக்கான்?” என்றாள் ராமலட்சுமி.

ஜிஸ்மி சிரித்துக்கொண்டே ராமுவை அழித்தாள். “முத்துப்பேச்சி டிரிங்க்ஸ் டீ” என்று எழுதினாள்.

“யாரு?”

“முத்துப்பேச்சி!” என்றது வகுப்பு.

“என்ன செய்றாங்க?”

“குடிக்கிறா!”

“எதை?”

“டீயை!”

“ஓசி டீயை” என்றான் பூபதிராஜா பின் பெஞ்சிலிருந்து.

“மதி, மதி, போதும்” என்று ஜிஸ்மி டஸ்டரால் மேஜையைத் தட்டினாள். “யாருங்கிறது சப்ஜெக்ட். நம்ம எழுவாய். என்ன செய்றாங்கங்கிறது வெர்ப். எதைங்கிறது ஆப்ஜெக்ட். தமிழ்ல வினை கடைசியில வரும். இங்கிலீஷ்ல நடுவுல வந்து உக்காந்துக்கும். எந்த வாக்கியம் வந்தாலும் பயப்படாதீங்க. இந்த மூணு கேள்வியைக் கேளுங்க.”

“டீச்சர், டிரிங்குக்குப் பின்னால அந்த எஸ் எதுக்கு?” என்று கேட்டாள் முருகேஸ்வரி.

“முத்துப்பேச்சி ஒரு ஆள்தானேக்கா. ஒரு ஆள் செஞ்சா எஸ் சேரும். நிறைய பேர் செஞ்சா சேராது.”

முருகேஸ்வரி கொஞ்ச நேரம் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒத்தையா இருந்தா வால் உண்டு. கூட்டமா இருந்தா வால் கெடையாது. அப்படித்தான?”

“அதேதான்க்கா.”

“டீச்சர், நான் ஒத்தை ஆம்பிளை. அப்ப எனக்கு?” என்றான் பூபதிராஜா.

“ஒனக்கு எப்பவோ மொளைச்சாச்சுப்பா” என்றாள் முத்துப்பேச்சி. மாடியே அதிர்ந்தது. கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் படிக்கட்டில் பாதி ஏறிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முருகேஸ்வரிக்குப் புரியாமலில்லை. வேகம்தான் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி ஒரு சொல்லைச் சேர்ப்பதற்குள் அடுத்த சொல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். போன வருடம் பாதித் தாள் எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது. எழுதிய வரைக்கும் சரியாகத்தான் இருந்தது என்று ஜிஸ்மி பிறகு கேள்விகளை வைத்துப் பார்த்துச் சொன்னாள். அது ஆறுதலாக இல்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது.

நவம்பரில் பரீட்சை. அக்டோபர் முதல் ஞாயிறு ஜிஸ்மி ஒரு மாதிரித் தேர்வு வைத்தாள். உண்மையான பரீட்சை போலவே கேள்வித்தாள், நேரம் எல்லாம். கடைசி அரை மணி இருக்கும்போது கீழே அவளுக்குப் போன் வந்தது. “எழுதிட்டிருங்க, இப்ப வந்துடறேன்” என்று இறங்கிப் போனாள்.

முத்துப்பேச்சி முடித்துவிட்டாள். அவள் பக்கத்தில் இருந்தவளின் தாளை எட்டிப் பார்த்தாள். நான்கு கேள்வி பாக்கி இருந்தது. தாளை இழுத்து இரண்டை எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண் தனக்கு அடுத்தவளுக்கு. ராமலட்சுமி எழுதி முடித்ததும் முருகேஸ்வரியின் தாளைப் பார்த்தாள். இரண்டாம் பக்கம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே தாளைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“மழை வரும்போல இருக்கே மதினி” என்றாள்.

“வரும்” என்றாள் முருகேஸ்வரி.

ராமலட்சுமி கொஞ்சம் எழுதினாள். வலது பக்கத்திலிருந்து இன்னொருத்தி கொஞ்சம் எழுதினாள். முருகேஸ்வரி பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் கை வரும்போது எரிகிற மாதிரியே உள்ளே ஒரு இடம் எரிந்தது. அங்கே எப்படி ஒன்றும் சொல்ல மாட்டாளோ அப்படியே இங்கேயும் சொல்லவில்லை. ஜிஸ்மி திரும்பி வந்தபோது ஒன்பது பேரும் முடித்துத் தாளை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பூபதிராஜா மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு எழுதிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு ஜிஸ்மி வந்ததும் போர்டில் ஒன்றும் எழுதவில்லை. விடைத்தாள்களை மேஜைமேல் வரிசையாக அடுக்கினாள். முகம் வேறு மாதிரி இருந்தது.

“ஒன்பது தாள்லயும் ஒரே விடை. சரியானது மட்டும் இல்ல, தப்பும் ஒரே தப்பு. மங்கீஸ் ஈட்ஸ் பனானான்னு ஒன்பது பேர் எழுதியிருக்கீங்க. கூட்டமா இருந்தா வால் கெடையாதுன்னு தேர்வுக்கு முன்னாடிதானே பேசினோம்? முருகேஸ்வரி அக்கா தாள்ல மூணு பேர் கையெழுத்து இருக்கு. நான் கீழ போன பத்து நிமிஷத்துல இப்படிக் கோப்பியடிச்சு வச்சிருக்கீங்களே!”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருட்டு முழி எந்த முகத்திலும் இல்லை. அதுதான் ஜிஸ்மிக்கு விளங்கவில்லை.

“நான் மட்டுந்தான் டீச்சர் சொந்தமா எழுதினேன்” என்றான் பூபதிராஜா.

“அதான் அண்ணா எம்பதுக்கு ஒன்பது.”

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் யாரோ சிரித்து நிறுத்தினார்கள்.

“கோப்பி இல்ல டீச்சர்” என்றாள் முத்துப்பேச்சி. “நான் முடிச்சிட்டேன். பக்கத்துல பாக்கி கெடந்துச்சு. கை குடுத்தேன். பாக்கி கெடக்கையில நான் எப்படி டீச்சர் சும்மா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியும்?”

ஜிஸ்மி தேயிலைத் தோட்டத்துப் பெண். கொழுந்து எடுப்பது அவளுக்குத் தெரியும், இந்த வழக்கம் தெரியாது. முருகேஸ்வரி எழுந்து நின்றாள். மேடு, ஓடைக்கரை, நெரை, பின்தங்கினவளுக்குக் கை கொடுப்பது என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் உட்காராமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜிஸ்மி நாற்காலியில் உட்கார்ந்தாள். “அங்க அது நல்ல காரியம்க்கா” என்றாள், மெதுவாக. “பரீட்ச ஹால்ல இப்படி ஒருத்தர் தாள்ல இன்னொருத்தர் கை பட்டா அவ்வளவுதான். எழுதவச்ச ஆளையும் எழுதினவங்களையும் சேத்து வெளிய அனுப்பிடுவாங்க. ஒருத்தருக்காக ஒன்பது பேருக்கும் இந்த வருஷம் போயிடும். அங்க யாரு கிட்டயும் போய் நெரைன்னு சொல்ல முடியாது.”

முருகேஸ்வரிக்குத் தன் தாளைக் கையில் வாங்கிப் பார்க்கத் தோன்றியது. வாங்கினாள். முதல் பக்கத்தில் அவளுடைய எழுத்து, காய் பொறுக்கி வைத்த மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி. இரண்டாம் பக்கத்தில் ராமலட்சுமியின் சாய்ந்த எழுத்து. அதற்குக் கீழே இன்னொன்று. கீழ் மூலையில் ஜிஸ்மி ஐம்பத்தி ரெண்டு என்று போட்டு, அதைச் சிவப்பு மையால் அடித்திருந்தாள்.

“என் எழுத்துக்கு மட்டும் எவ்வளவு டீச்சர்?” என்று கேட்டாள்.

ஜிஸ்மி மனதுக்குள் கூட்டினாள். “பதினெட்டு.”

“பாஸுக்கு?”

“இருபத்தி நாலு.”

முருகேஸ்வரி தாளை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் சாரல். எல்லாரும் தலைக்கு பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு மேட்டில் நின்றார்கள். எட்டு தூர் போவதற்குள் முருகேஸ்வரி ஒரு தூர் பின்தங்கிவிட்டாள். ராமலட்சுமியின் கை வந்தது. அவள் மேலே மரத்தைப் பார்த்துக்கொண்டு, “இந்தக் கொரங்குகளை எண்ணிப் பார்த்தா நம்ம எஸ்டேட்ல ஆளைவிட அதிகமா இருக்கும் மதினி” என்றாள்.

முருகேஸ்வரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ராமலட்சுமி திகைத்துப்போய் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

“எடுத்துக்கோ” என்றாள் முருகேஸ்வரி. “இந்தத் தூர் மட்டுமில்ல, ரெண்டு தூர்ல ஒன்னை நீயே எடு. ஒரு பக்கம் நீ, அந்தப் பக்கம் அவ. பரீட்சை வரைக்கும். ஆனா சும்மா எடுக்காதீக. நீங்க எடுக்கையில நான் வாசிக்கிறேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா வாசிக்கிறேன். அங்க ஹால்ல எவளாவது என் தாள் பக்கம் கையைக் கொண்டு வந்தீகன்னா ஒடிச்சுப்போடுவேன்.”

ராமலட்சுமி மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள். “வாசிக்கிறதுன்னா என்னத்தை வாசிப்ப, அந்த ராமுவையா?”

முருகேஸ்வரி பிளாஸ்டிக் உறையிலிருந்து நோட்டை எடுத்தாள். காலையிலேயே எடுத்து வந்திருந்தாள். கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து வலது காலை நீட்டிக்கொண்டாள். தோட்டத்தில் அவள் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தது அன்றுதான் முதல் தடவை. குரல் முதலில் எழும்பவே இல்லை.

“தி… உமன்… கேரீஸ்… உட்.”

“கேக்கலை!” என்றாள் முத்துப்பேச்சி வரிசையின் கோடியிலிருந்து.

“தி உமன் கேரீஸ் உட்! யாரு?”

செடிகளுக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது. “பொம்பளை!”

“என்ன செய்றா?”

“சொமக்கா!”

“எதை?”

“வெறகை!”

“அதையும் பொம்பளைதான் சொமக்கணுமாக்கும்” என்று தனியாக ஒரு குரல் வந்தது.

கண்காணி மாரீஸ்வரன் குடையோடு ஏறி வந்தார். வாளிமேல் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தார். “இது தோட்டமா, பள்ளிக்கூடமா?”

“சாயங்காலம் பையை நிறுத்துப் பாருங்க. காய் கொறைஞ்சா அப்பக் கேளுங்க” என்றாள் ராமலட்சுமி, தலையைத் தூக்காமல்.

மாரீஸ்வரன் சாயங்காலம் நிறுத்துப் பார்த்தார். ஒன்பது பையும் எப்போதும் போலவே இருந்தன. முருகேஸ்வரியின் பையில் நூறு கிராம் கூடுதல். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரும்போது இருமிவிட்டு வர ஆரம்பித்தார்.

நோட்டிலிருந்த வாக்கியம் எல்லாம் மூன்று நாளில் தீர்ந்துபோனது. முருகேஸ்வரி சொந்தமாகக் கட்ட ஆரம்பித்தாள். ராத்திரி சோறு வடித்துவிட்டு ஒரு பக்கம், விடிகாலையில் அடுப்புப் பற்றவைத்துவிட்டு ஒரு பக்கம் எழுதிக்கொள்வாள். ராமலட்சுமி ஈட்ஸ் ஜாக்ஃப்ரூட். பூபதிராஜா டிரைவ்ஸ் ஜீப். லீச் பைட்ஸ் முத்துப்பேச்சி.

“அட்டை கடிக்கிறதுக்கு என் பேர்தான் கெடைச்சுதா?” என்று முத்துப்பேச்சி கத்தினாள்.

“ஒரு அட்டையா, பல அட்டையா? சொல்லு!”

“ஒன்னுதான்!”

“அப்ப பைட்டுக்கு?”

“வால் உண்டு!”

ஒருநாள் கண்காணி இருமுகிற சத்தம் கேட்டதும் முருகேஸ்வரி வாசித்தாள். “கண்காணி ஷவுட்ஸ். யாரு?”

“கண்காணி!”

“என்ன செய்றாரு?”

“கத்துறாரு!”

“எதை?”

பதில் வரவில்லை. எதைக் கத்துகிறார்? செடிகளுக்குள் விவாதம் நடந்தது. கடைசியில் முருகேஸ்வரியே சொன்னாள். “எதைன்னு ஒன்னு இல்ல. சில வாக்கியத்துக்கு எதைங்கிறது வேணாம்னு டீச்சர் சொல்லியிருக்காக. அதுவே முழுசு.”

“அவரு கத்துறதுக்கு எப்பவுமே காரணம் இருந்ததில்ல” என்றாள் ராமலட்சுமி.

முதல் வாரத்தில் ஒரு வாக்கியத்தை வாசிக்க ஒரு தூர் ஆனது. மூன்றாம் வாரத்தில் ஒரு தூருக்கு நான்கு வாக்கியம். எழுத்தைக் கூட்டுவது எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருநாள் ஸ்டோருக்குப் போகிற வழியில் பூச்சிமருந்து டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு இரண்டு எட்டு போன பிறகுதான், படித்துவிட்டோம் என்று நின்றாள்.

நெரைக்குக் கை வருவது அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது. எரியவில்லை. அம்மா இருந்தால் என்ன சொல்வாள் என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள். என்ன சொன்னாலும் அம்மா இப்படி வாளிமேல் உட்கார்ந்திருக்க மாட்டாள், அது மட்டும் நிச்சயம்.

நவம்பரில் பரீட்சை கட்டப்பனையில். பூபதிராஜாவின் ஜீப்பில் ஒன்பது பேரும் அடைந்துகொண்டார்கள். வழி முழுக்க, நேற்று லைசென்ஸ் புதுப்பிக்கப் போன மோட்டார் வாகன ஆபீசில் எந்தெந்தக் கேள்விக்கு என்னென்ன பதில் சொன்னேன் என்று அவன் பேசிக்கொண்டே வந்தான். அவனுக்கும் பயம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே ஜிஸ்மி நின்றிருந்தாள். உள்ளே வர அவளுக்கு அனுமதி இல்லை. “அக்கா, முதல்ல தெரிஞ்சதை எழுதுங்க. தெரியாததுல நிக்காதீங்க” என்றாள். அப்புறம் மற்றவர்களைப் பார்த்தாள். “கை?”

“எங்க கை எங்கட்டயே இருக்கும் டீச்சர்” என்றாள் முத்துப்பேச்சி.

பெஞ்சுக்கு ஒருவர். முருகேஸ்வரிக்கு ஜன்னல் பக்கத்து வரிசையில் மூன்றாவது பெஞ்சு. கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், அடுத்த வரிசையில் ராமலட்சுமி. இது நல்லதற்கா கெட்டதற்கா என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள்.

கேள்வித்தாள் வந்தது. முருகேஸ்வரி முதல் வரியைப் படித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சத்தமில்லாமல் படிப்பது சிரமமாக இருந்தது. யாரு, என்ன செய்றா, எதை. மனதுக்குள் கேட்டாள். மனதுக்குள் செடிகள் பதில் சொல்லின. எழுத ஆரம்பித்தாள்.

ஒரு மணி நேரத்தில் முத்துப்பேச்சி பேனாவை மூடினாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பேனாவாக மூடுகிற சத்தம். முருகேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணுக்கு ராமலட்சுமி தெரிந்தாள். அவள் தாள் முடிந்துவிட்டது. அவள் பார்வை இந்தப் பக்கம் வந்து, வெள்ளையாகக் கிடந்த கடைசிப் பக்கத்தில் நின்றது. வலது கை பெஞ்சின் ஓரத்தில் அசைந்தது. பிறகு ராமலட்சுமி இரண்டு கையையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“எழுதிக் கழிஞ்சவங்க தாளைத் தந்துட்டுப் போகலாம்” என்றார் ஹாலில் நின்ற மலையாளி சார், முடித்தவர்களைப் பார்த்து.

வெளியூர்க்காரர்கள் சிலர் எழுந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏலத்தோட்டத்துக்காரிகள் எட்டுப் பேரும் அசையவில்லை. பூபதிராஜா எழப்போனான். முத்துப்பேச்சி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டான்.

சார் முத்துப்பேச்சியின் பெஞ்சுக்கு வந்தார். “கழிஞ்சில்லையா?”

“கழிஞ்சது சார்.”

“அப்ப போகலாமே?”

“மணி அடிக்கட்டும் சார்” என்றாள் முத்துப்பேச்சி. “இருக்கக் கூடாதா?”

இருக்கலாம்தான். சார் வரிசையை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் புரியாமல் தன் நாற்காலிக்குப் போனார்.

முருகேஸ்வரிக்கு அது காதில் விழுந்தது. போன வருடம் இந்த நேரத்தில் ஹாலில் அவள் ஒருத்தியும் மின்விசிறியும்தான் இருந்தார்கள். எல்லாரும் ஓடைக்கரைக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. அவசர அவசரமாக எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மணி அடித்துவிட்டது. இப்போது அவசரம் வரவில்லை. கையெழுத்தை அதன் போக்கிலேயே விட்டாள்.

அவள் பாஸ் என்பது ஜனவரியில்தான் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் அங்கே டவர் கிடைக்கும். ஜிஸ்மி போனில் கூப்பிட்டு முப்பத்தி நாலு என்றாள். முருகேஸ்வரி அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். மார்ச்சில் சிசிலி அக்கா கிரெச்சின் சாவியைக் கொடுத்துவிட்டு, எந்தப் பிள்ளை தூங்கும்போது எதைப் பிடித்துக்கொண்டு தூங்கும் என்று ஒரு மணி நேரம் சொல்லிவிட்டுப் போனாள். பூபதிராஜா மட்டும் பாஸாகவில்லை. மறுபடி எழுதுகிறான். ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து யாரு, என்ன செய்றாங்க, எதை என்று கேட்பவள் முருகேஸ்வரிதான்.

அன்றைக்கு ஹாலில் உட்கார்ந்திருந்தபோது அதெல்லாம் தெரியாது. கடைசிக் கேள்வி, உங்கள் வேலையைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுக. ஐ பிக் கார்டமம். மை மதர் பிக்ட் கார்டமம். ராமலட்சுமி ஹெல்ப்ஸ் மீ. வால் போட்டாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள், போட்டிருந்தாள். வி வாக் டுகெதர். ஐந்தாவதுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தலையைத் தூக்கினாள். ராமலட்சுமி கைமேல் உட்கார்ந்திருந்தாள். அதற்கு அந்தப் பக்கம் முத்துப்பேச்சி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டுப் பேரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், தோட்டத்தில் பார்க்கிற மாதிரி.

மை ஃப்ரெண்ட்ஸ் வெயிட் என்று எழுதினாள். கூட்டம், வால் வேண்டாம். எதை என்று யோசித்தாள். எதை என்று ஒன்று வேண்டியதில்லை. முற்றுப்புள்ளி வைத்தாள்.

மணி அடிக்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. அவள் பேனாவை மூடிய சத்தம் கேட்டதும் ஒன்பது பெஞ்சும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. சார் திடுக்கிட்டு எழுந்தார். வரிசையாகப் போய்த் தாளைக் கொடுத்தார்கள். ராமலட்சுமி கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். முருகேஸ்வரி தாளை ஏந்தியபடி எழப்பார்த்தாள். ஒன்றரை மணி நேரம் மடக்கியே இருந்த முழங்கால் நீள மறுத்தது. சார் வந்து அந்தத் தாளை வாங்கிக்கொண்டார்.

“இப்பக் குடுக்கலாமா மதினி?” என்றாள் ராமலட்சுமி, கையைப் பாதி நீட்டிக்கொண்டு.

முருகேஸ்வரி சார் கையிலிருந்த தன் தாளைப் பார்த்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே கையெழுத்து.

“இப்பக் குடு” என்றாள்.